சாயல்குடியில மாட்டுன கொக்கிக் கம்பி: ராமநாதபுரத்துல இருந்து தூத்துக்குடிக்கு ஒரு நாள் சைக்கிள் பயணம்

போன வாரம் பின்சக்கரத்தக் கழட்டி வீட்டுத் திண்ணையில வெச்சு கியர் செட்ட உருவுனப்பதான் பயணத்துல அந்தச் சக்கரக் கம்பி (ஸ்போக்) ஏன் ஒடிஞ்சுதுன்னு எனக்கு வெளங்குச்சு. அத கடைசியில சொல்றேன். ஏன்னா அன்னிக்கு ரோட்டுல நிக்கிறப்ப அது எனக்குத் தெரியாது, தெரியாம என்னென்ன பண்ணேன், எதெல்லாம் தப்பாப் பண்ணேன்னு வரிசையா எழுதி வெச்சாத்தான் அடுத்து அந்தப் பக்கம் லோடு ஏத்திக்கிட்டு சைக்கிள்ல போறவங்களுக்கு உதவும்.

பொங்கல் முடிஞ்ச மறுநாள் நானும் பெரியப்பா மகன் அண்ணனும் நாகப்பட்டினத்துல கிளம்பினோம், கிழக்கு கடற்கரைச் சாலையப் புடிச்சு கன்னியாகுமரி வரைக்கும் போறதா பிளான். ஜனவரிய எடுத்ததுக்குக் காரணம் காத்து. அந்த மாசத்துல வாடைக்காத்து வடகிழக்குல இருந்து அடிக்கும், ராமநாதபுரத்துக்குக் கீழ ரோடு தென்மேற்கா இறங்குது, அதனால காத்து முதுகுல கை வெச்சுத் தள்ளுற மாதிரி இருக்கும். இதே ரோட்டுல ஆடி மாசத்துல எதிர்க்காத்துல மிதிச்சவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்லுவாங்க. நான் எழுதப் போறது நாலாவது நாள், ராமநாதபுரம் டூ தூத்துக்குடி, ஊருக்குள்ள சுத்துனதையும் சேத்து மீட்டர்ல 122 கிலோமீட்டர்.

முதல்ல வண்டிங்களப் பத்தி சொல்லிடறேன். என்னோடது பின்னாடி 8 கியர், 700க்கு 35 டயர், பின்சக்கரத்துல 32 கம்பி. ரெண்டு பக்கமும் தொங்குற பையில மொத்தம் 14 கிலோ, எல்லாமே பின் கேரியர்ல, முன்னாடி ஒன்னுமே இல்ல. அண்ணனோடது அவர் முதல் சம்பளத்துல வாங்குன 22 இன்ச் கருப்பு சைக்கிள், 28 இன்ச் சக்கரம், பின்னாடி 40 கம்பி முன்னாடி 32, கியர்லாம் கிடையாது. அவர் லோடு ஒரு சாக்குப்பை, 8 கிலோ, பழைய ட்யூபக் கிழிச்ச பட்டையால கேரியர்ல இறுக்கிக் கட்டியிருந்தார். இன்னொன்னும் பண்ணியிருந்தார், அவர் வண்டிக்கு ஏத்த நாலு கம்பிய நிப்பிளோட (கம்பிய ரிம்முல புடிச்சு இறுக்குற சின்ன நட்டு) ஃபிரேம் பார்ல ஒட்டி இன்சுலேஷன் டேப் சுத்தி வெச்சிருந்தார். நான் கொண்டு போனது அலன் கீ செட்டு, ரெண்டு பிளாஸ்டிக் டயர் லீவர், ஸ்பேர் ட்யூப் 2, பஞ்சர் ஒட்டு, சொல்யூஷன், கைப்பம்பு, நிப்பிள் சாவி, கட்டிங் பிளேயர், கேபிள் டை கொஞ்சம். நிப்பிள் சாவி இருக்கு, கம்பி ஒன்னு கூட இல்ல. கியர் செட்ட கழட்டுற டூலும் இல்ல.

காலையில 5:50க்கு லாட்ஜ விட்டு இறங்குனோம், இன்னும் இருட்டு, முன்னாடி லைட்டும் பின்னாடி செவப்பு லைட்டும் போட்டுக்கிட்டோம். திருப்புல்லாணி தாண்டும்போது வானம் வெளுத்துச்சு. 7 மணிக்கெல்லாம் கீழக்கரை, 17 கிலோமீட்டர், மிதிச்சோம்னே தெரியல. வள்ளல் சீதக்காதி ஊராச்சே, பழைய பள்ளிவாசல உள்ள போய்ப் பாக்கணும்னு அண்ணனுக்கு ஆசை, ஆனா வெயிலுக்கு முன்னாடி தூரத்தக் கழிச்சிடணும்னு நான்தான் அவசரப்படுத்தினேன், அதுல எனக்கு இப்பவும் வருத்தம் உண்டு. நாலு இட்லி ஒரு வடை டீ, ஆளுக்கு 65 ரூபா. பாட்டில்கள நிரப்பினோம், என் கிட்ட மூணு லிட்டர், அண்ணன் கிட்ட ரெண்டு. இந்தப் பக்கம் போறவங்க கவனிங்க, ஏர்வாடிக்கு அப்புறம் கடைங்க நீண்ட இடைவெளி விட்டுத்தான் வரும், நிழலும் அப்படித்தான். பேருதான் கடற்கரைச் சாலை, இந்தப் பகுதியில கடல் கண்ணுக்கே படாது, ரெண்டு பக்கமும் வேலிக்கருவையும் பனையுந்தான்.

வேலிக்கருவைதான் முதல் பிரச்சனை. ராமநாதபுரத்துக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, சீமைக்கருவேல மரத்த வெட்டி மூட்டம் போட்டு கரி எடுக்குறது அங்க பெரிய பொழப்பு, டிராக்டர்ல வெறகு ஏத்திக்கிட்டுப் போறப்ப சிம்பு சிம்பா ரோட்டோரத்துல விழும். பஸ் வந்தா நாம ஒதுங்குறதும் அந்த ஓரத்துலதான். ஏர்வாடி தாண்டி 8:30 இருக்கும், பின்சக்கரம் தொளதொளன்னு ஆச்சு. லோட கழட்டி வண்டியக் கவுத்துப் போட்டு டயர ஒரு பக்கம் மட்டும் நெம்பி ட்யூப உருவுனேன், டயர்ல வெளிப்பக்கம் நின்ன முள்ள கையாலயே புடுங்கிப் போட்டேன், புது ட்யூபப் போட்டு காத்தடிச்சேன், கைப்பம்புல 60 பிஎஸ்ஐ ஏத்த 280 தடவ அடிக்கணும், அண்ணனும் நானும் மாத்தி மாத்தி அடிச்சோம். மொத்தம் 25 நிமிஷம். நல்லா வேகமா முடிச்சுட்டோம்னு சந்தோஷமா கிளம்பி மூணு கிலோமீட்டர் போனோம், மறுபடியும் தொளதொள.

இங்கதான் முதல் தப்பு. நான் புடுங்குனது முள்ளோட தண்ட மட்டும், நுனி ஒடிஞ்சு டயருக்குள்ளயே நின்னுடுச்சு. டயரோட உள்பக்கத்த தடவிப் பாக்காம புது ட்யூபப் போட்டேன், அந்த நுனி ரெண்டாவது ட்யூபையும் குத்திடுச்சு. இந்தத் தடவ அண்ணன் சொன்னபடி செஞ்சோம். முதல்ல ட்யூபக் காத்தடிச்சு ஓட்டை எங்கன்னு பாத்து, வால்வுல இருந்து எத்தன சாண் தள்ளி இருக்குன்னு அளந்து, அதே அளவ டயர்ல வெச்சுப் பாத்தா நேரா முள்ளு இருக்குற இடத்துக்கே போய் நிக்குது. விரலால தேடாதீங்க, கிழிச்சிடும், துணிய உள்பக்கம் சுத்தி இழுத்தா நூலு சிக்கும், சிக்குற இடத்துல முள்ளு. நகவெட்டியாலதான் அந்த நுனியப் புடிச்சு எடுத்தேன், அரிசி மணில பாதி கூட இருக்காது. ரெண்டு ட்யூபுக்கும் ஒட்டுப் போட்டோம், சொல்யூஷனத் தடவி அஞ்சு நிமிஷம் காயவிடணும், ஈரமா இருக்கறப்ப ஒட்டுனா வெயில் சூட்டுல வழுக்கிக்கிட்டு வந்துடும், அத போன வருஷமே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். டயர திரும்பப் போடும்போது டயர்ல எழுத்து இருக்குற இடத்த சரியா வால்வுக்கு நேரா வெச்சேன், அப்படி வெச்சா அடுத்த தடவ அளக்குறது இன்னும் சுலபம். இதெல்லாம் முடியறப்ப 9:50.

அண்ணன் வண்டி அதே ஓரத்துலதான் ஓடுச்சு, அவருக்கு ஒரு பஞ்சர் கூட இல்ல. கேட்டா, பழைய ட்யூப நெடுக்க வெட்டி டயருக்கும் ட்யூபுக்கும் நடுவுல பட்டையா விரிச்சுப் போட்டிருக்காராம். "முள்ளுக்காட்டுக்குப் போறோம்னு தெரியும்ல, வெறுங்காலோடயாடா வருவ"ன்னார்.

அடுத்து வாலிநோக்கம் பிரியற முக்குத் தாண்டி நல்லா மிதிச்சுக்கிட்டு இருந்தோம், காத்து பின்னாடி, 22, 23ல வண்டி போகுது. 10:50க்கு டங்குன்னு ஒரு சத்தம், தகர டப்பாவுல கல்லு அடிச்ச மாதிரி. உடனே பின் பிரேக்கு சுத்துக்கு ஒருதரம் சரக் சரக்னு உரசுது. இறங்கிப் பாத்தா வலது பக்கம், அதாவது கியர் இருக்குற பக்கம், ஒரு கம்பி அச்சுக்குப் பக்கத்துல வளையற இடத்துல ஒடிஞ்சு தொங்குது. ரிம்மு இடது பக்கமா 6, 7 மில்லிமீட்டர் கோட்டம். மைல்கல்லு சாயல்குடி 11ன்னு காட்டுது.

ஒடிஞ்ச கம்பிய பக்கத்துக் கம்பியோட சுத்தி டேப் அடிச்சேன், இல்லன்னா கியர்ல போய் மாட்டி சக்கரத்தயே முறுக்கிடும். அது வரைக்கும் சரி. அடுத்து கோட்டத்தக் கொறைக்கலாம்னு நிப்பிள் சாவிய எடுத்தேன், ரெண்டாவது தப்பு அங்க நடந்துச்சு. ஒடிஞ்ச கம்பிக்கு ரெண்டு பக்கமும் இருக்குற இடது கம்பிகள கொஞ்சம் லூஸ் பண்ணி, அடுத்தடுத்த வலது கம்பிகள டைட் பண்ணா ரிம்மு நடுவுக்கு வரும், இது எனக்குத் தெரியும். ஆனா நிப்பிள டயர் பக்கத்துல இருந்து பாத்து கடிகாரம் சுத்துற திசையில திருப்புனாத்தான் டைட் ஆகும். நான் அச்சுப் பக்கத்துல இருந்து குனிஞ்சு பாத்துக்கிட்டு அதே திசையில திருப்பினேன், எல்லாம் தலைகீழாப் போச்சு, கோட்டம் 6ல இருந்து 10 ஆச்சு. வெயில்ல நின்னு கால் மணி நேரம் எனக்கு ஏன்னே புரியல. அண்ணன்தான் "டேய், கம்பியத் தட்டிப் பாரு, டைட் பண்றேங்குற, சத்தம் கொழகொழன்னு வருது"ன்னார். தட்டிப் பாத்தா அவர் சொன்னது நெசம். எல்லாத்தையும் எண்ணி எண்ணி திருப்பி எடுத்து, மறுபடி சரியான திசையில அரைச் சுத்து அரைச் சுத்தா வெச்சதுல 4 மில்லிமீட்டருக்கு வந்துச்சு. பின் பிரேக்க மொத்தமா கழட்டி விட்டுட்டேன். என் பை ரெண்டையும் அண்ணன் கேரியர்ல ஏத்துனோம், அவர் பின்சக்கரத்துல இப்ப 22 கிலோ, அந்த 40 கம்பி அசையவே இல்ல. 11 கிலோமீட்டர மெதுவா உருட்டி, முன் பிரேக்க மட்டும் நம்பி, சாயல்குடிக்குப் போய்ச் சேர்ந்தப்ப 12:15.

பஸ் ஸ்டாண்டு பக்கம் விசாரிச்சதுல ஒரு பெரியவர் சைக்கிள் கடைய கை காட்டுனாங்க. கடைன்னா ஒரு தகரக் கொட்டகை, வாசல்ல ஒரு தண்ணித் தொட்டி, மூலையில வைஸ். எழுபதத் தாண்டுன ஆளு. சக்கரத்தப் பாத்ததும், "இது ஃப்ரீவீல் இல்லையேப்பா, இத தொறக்குற சாவி என்கிட்ட இல்ல"ன்னார். அவர்கிட்ட இருந்தது பழைய மாதிரி ஃப்ரீவீல கழட்டுற சாவிதான், என் கியர் செட்டுக்கு வேற பல்லு. கியர் செட்டக் கழட்டாம புதுக் கம்பிய ஓட்டையில நொழைக்க முடியாது, பெரிய பல்சக்கரம் மறைக்கும். நான் பஸ்ல தூத்துக்குடி போயிடலாம்ங்கற முடிவுக்கு வந்துட்டேன். அவர் விடல. "இருங்க தம்பி, கொக்கி போட்டுப் பாப்போம்"ன்னார்.

அவர் செஞ்சத முழுசா எழுதறேன், எனக்கு இந்தப் பயணத்துல கெடச்ச பெரிய விஷயமே இதுதான். அண்ணன் ஃபிரேம்ல ஒட்டி வெச்சிருந்த கம்பியில ஒன்ன வாங்குனார். அது என் கம்பிய விட ஒரு விரக்கடை நீளம் கூட, கனம் மட்டும் ரெண்டுக்கும் ஒன்னுதான், 14 கேஜ், மரையும் என் நிப்பிள்ல அப்படியே ஏறுச்சு. அந்தக் கம்பியோட தலைய வெட்டித் தூக்கிப் போட்டார். வெட்டுன முனைய வைஸ்ல புடிச்சு பிளேயரால ஒரு மடக்கு, ஒரு சென்டிமீட்டர் விட்டு எதிர்ப்பக்கமா இன்னொரு மடக்கு, படிக்கட்டு மாதிரி ஆச்சு. ஒடிஞ்ச கம்பியோட மிச்சம், அந்தத் தலைப்பகுதி, அச்சோட வளையத்துல மாட்டி நின்னுச்சு, நல்ல வேளையா தலை உள்பக்கம் இருந்ததால ஒரு ஆணிய வெச்சுத் தட்டுனதும் உள்ள விழுந்துடுச்சு. அப்புறம் இந்தப் படிக்கட்டுக் கொக்கிய சக்கரத்தோட உள்பக்கத்துல இருந்து சாய்ச்சு ஓட்டைக்குள்ள விட்டு, கம்பிய நிமித்துனா கொக்கி தானா பூட்டிக்குது. மறுமுனைய நிப்பிள்ல மாட்டி இறுக்குனா கம்பியோட இழுப்பே கொக்கிய வெளிய வரவிடாது. கியர் செட்டத் தொடவே இல்ல.

முதல் கொக்கி சரியா வரல. ரெண்டாவது மடக்கு நீளமாப் போய் பெரிய பல்சக்கரத்துல தட்டுச்சு. அத எடுத்துப் போட்டுட்டு இன்னொரு கம்பி, இந்தத் தடவ மடக்க அரை சென்டிமீட்டரா கொறைச்சார். அப்பவும் செயினு முதல் கியருக்குப் போனா லேசா டிக் டிக்னு கேட்டுச்சு, அதனால முதல் கியர தொடாதீங்கன்னு சொல்லிட்டார். அந்த ரோட்டுல ஏத்தம் கிடையாது, முதல் கியர் தேவையே படல.

அடுத்து கோட்டம் எடுத்தார். சாக்பீஸ ரிம்முக்குப் பக்கத்துல அசையாம புடிச்சுக்கிட்டு சக்கரத்த சுத்தி விட்டார், எங்க வெள்ளை படுதோ அங்க ரிம்மு துருத்திக்கிட்டு இருக்கு. அந்த இடத்துல கால் சுத்து, திரும்ப சாக்பீஸ், திரும்ப கால் சுத்து. நடுவுல ஒவ்வொரு கம்பியையும் விரலால மீட்டி சத்தம் கேட்டார், வலது பக்கம் மட்டும் அஞ்சு கம்பி லூசு. "டைட்டான கம்பி ஒடியாது தம்பி, லூசான கம்பிதான் ஆடி ஆடி ஒடியும்"ன்னார். கெளம்பறதுக்கு முன்னாடி நான் ஒரு கம்பியக் கூட மீட்டிப் பாக்கலங்கறத அவர்கிட்ட சொல்லவே கூச்சமா இருந்துச்சு. கடைசியில கோட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி, பிரேக்க மாட்டுனேன், உரசல. ஒன்றரை மணி நேர வேலை. 100 ரூபா கேட்டார், 200 குடுத்தேன், 50 திருப்பிக் குடுத்துட்டார்.

பக்கத்துலயே மீன் குழம்பு சாப்பாடு, ஆளுக்கு 120. வெளிய ஒரு அம்மா வேகவெச்ச பனங்கிழங்கு கட்டு கட்டா வெச்சிருந்தாங்க, தை மாசம்னா அந்தப் பக்கம் பனங்கிழங்குதான், ஒரு கட்டு 40 ரூபா. நார உரிச்சுத் தின்னுக்கிட்டே வெயில் தாழ உக்காந்திருந்தோம். சைக்கிள்ல போறப்ப பிஸ்கட்ட விட இது நல்லா தாங்குது, வயித்துல நிக்குது. அண்ணன் வீட்டுக்குன்னு அரைக்கிலோ கருப்பட்டி வாங்குனார், 200 ரூபா, லோட கொறைக்கணும்னு பேசிக்கிட்டு இருக்கறப்பவே வாங்குனார், ஆனா சாயல்குடி வந்துட்டு கருப்பட்டி வாங்காமப் போறதும் கஷ்டந்தான்.

2:45க்கு கிளம்புனோம். லோட மாத்திப் பிரிச்சோம், கனமான சாமான் எல்லாம், அதாவது டூல்ஸ், பூட்டு, ட்யூபுங்க, சார்ஜர், கேஸ் ஸ்டவ், இதுங்கள ஒரு சின்னப் பையில போட்டு என் ஹேண்டில்பாருக்கு முன்னாடி கட்டுனோம், 4 கிலோ இருக்கும். துணிமணி மட்டும் பின்னாடி. ஹேண்டில் கொஞ்சம் கனமாத் திரும்புச்சு, ரெண்டு கிலோமீட்டர்ல கை பழகிடுச்சு. முதல் 10 கிலோமீட்டர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு, கிலோமீட்டருக்கு ஒருதரம் இறங்கி அந்தக் கம்பிய மீட்டிப் பாத்தேன். ஒரே ஒரு தடவதான் லேசா எறங்கியிருந்துச்சு, வேம்பார் கிட்ட, கொக்கி நல்லா உக்காந்ததுல கொஞ்சம் தளர்ந்திருக்கு, அரைச் சுத்து வெச்சேன், அதுக்கப்புறம் அசையல. புதுக் கம்பி எதப் போட்டாலும் முதல் 15, 20 கிலோமீட்டருக்கு அப்புறம் ஒருதரம் மீட்டிப் பாத்துடுங்க.

வேம்பார் வந்துட்டா தூத்துக்குடி மாவட்டம். மத்தியானத்துக்கு மேல காத்து கொண்டலா, அதாவது கிழக்குக் காத்தா மாறி இடது தோள்ல அடிச்சுது, தொங்குற பை ரெண்டும் பாய்மரம் மாதிரி காத்தப் புடிச்சு வண்டிய ரோட்டு நடுவுக்குத் தள்ளப் பாக்கும், லாரி ஓவர்டேக் பண்றப்ப கெட்டியாப் புடிச்சுக்கணும். தருவைகுளம் நெருங்க நெருங்க உப்பளம், அந்த சாயங்கால வெளிச்சத்துல பாத்தி பாத்தியா தண்ணி, நடுவுல மழையில நனைஞ்சு கறுத்த பழைய உப்புக் குமியலுங்க ஓலை மூடிக் கிடக்கு. மழைக்காலம் அப்பதான் முடிஞ்சிருக்கு, பாத்திய மிதிச்சு சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்க. ஒரு பத்து நிமிஷம் ரெண்டு பேரும் பேசாம நின்னோம். பொழுது சாய்ஞ்சு, கடைசி அரை மணி நேரம் லைட்டப் போட்டுக்கிட்டு லாரிங்களோட ஓட்டி 6:50க்கு தூத்துக்குடிக்குள்ள போய்ட்டோம். ரூம் 900, பரோட்டா சால்னா ரெண்டு பேருக்கும் 210. அன்னிக்கு ராத்திரியே நான் ஒரு பழைய ட்யூப 30 ரூபாய்க்கு வாங்கி நெடுக்க வெட்டி பின் டயருக்குள்ள பட்டை போட்டேன், அதுக்கப்புறம் கன்னியாகுமரி வரைக்கும் பஞ்சர் இல்ல. மறுநாள் தூத்துக்குடியில ரெண்டு கடையில கேட்டும் என் சக்கரத்துக்குச் சரியான நீளத்துல கம்பி கெடைக்கல, அதனால அந்தக் கொக்கியோடயே திருச்செந்தூர், உவரி வழியா கடைசி வரைக்கும் ஓட்டிட்டேன்.

இப்ப திண்ணைக்கு வர்றேன். கியர் செட்டக் கழட்டுற டூலும் செயின் புடிக்கிற சாவியும் சேத்து 650 ரூபாய்க்கு வாங்கித் தொறந்தேன். நான் இத்தன நாளா லோடுதான் காரணம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பாத்தா வலது பக்கம் வெளியால ஓடுற கம்பிங்கள்ல ரெண்டுல, அந்த வளைவுக்குப் பக்கத்துல, ரம்பத்தால கீறுன மாதிரி வெட்டு. அது செயினு கடிச்ச தடம். போன ஆடியில ஒரு நாள் முதல் கியர் மாத்துறப்ப செயினு பெரிய பல்சக்கரத்த தாண்டி கம்பிக்கும் கியருக்கும் நடுவுல விழுந்து மாட்டிக்கிச்சு, நான் பின்னாடி மிதிச்சு இழுத்து எடுத்துட்டு அத்தோட மறந்துட்டேன். அன்னிக்கு விழுந்த வெட்டு, அதுக்கு மேல லூசு, அதுக்கு மேல 14 கிலோ, மூணும் சேந்துதான் ஏர்வாடி தாண்டி ஒடிச்சிருக்கு. ஒடிஞ்ச துண்ட பெரியவர் கிட்ட இருந்து வாங்கி வெச்சிருந்தேன், அதுலயும் உடைஞ்ச இடத்துல அதே கீறல், அன்னிக்குக் கண்ணுல வெச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

வெட்டு விழுந்த மத்த ரெண்டு, கொக்கி போட்ட ஒன்னு, ஆக மூணு கம்பி மாத்தினேன், கம்பிக்கு 20 ரூபா. கியர் மாத்துற டீரெய்லர்ல இருக்குற எச்சுன்னு (H) போட்ட ஸ்க்ரூவ, உள்பக்கம் செயினு தாண்டாம நிக்கும்னு நெனச்சு கால் சுத்து இறுக்கினேன், ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், முதல்ல மாத்தி மாத்தித் திருப்பி ஒரு மணி நேரம் வீணாச்சு, பெரிய பல்சக்கரத்துப் பக்கம் செயின தடுக்குறது எல்லுன்னு (L) போட்டது, எச்சு இல்ல, அதனால எச்ச பழைய இடத்துக்கே கொண்டு வந்து எல்ல இறுக்கினேன். இப்ப மூணு கம்பி, அளந்து வாங்குன நீளத்துல, அண்ணன் மாதிரியே ஃபிரேம்ல டேப் போட்டு ஒட்டியிருக்கு. முன்னாடி சின்ன கேரியர் ஒன்னு வெல்டிங் பட்டறையில சொல்லியிருக்கேன், 800 ரூபான்னார், அதுல 5 கிலோ, பின்னாடி 8க்கு மேல கிடையாது, ஸ்டவ்வ விட்டுட்டுத்தான் போகப் போறேன், நாலு நாள்ல ஒரே ஒரு தடவதான் பத்த வெச்சோம்.

அடுத்தது கன்னியாகுமரியில இருந்து வடக்க வர்றதா இருக்கோம், அத வைகாசி கடைசியில வெச்சுக்கலாம்ங்குறார் அண்ணன், அப்ப சோழகக் காத்து தெற்க இருந்து தள்ளும், வெயிலுதான் யோசனையா இருக்கு. சாயல்குடியில மத்தியானம் நிக்கிற மாதிரி பிளான் போடச் சொல்லியிருக்கேன், அந்தக் கொக்கிய பெரியவர் கிட்ட காட்டணும், கூடவே கியர் செட்டு தொறக்குற டூலு ஒன்னு வாங்கிட்டுப் போய் கடையில குடுத்துட்டு வரணும்.